படம் வந்த பாதையும் பெற்ற மதிப்பும்

பழைய திரைப்படங்களைப் பார்த்து முடித்ததும் அவற்றுக்கு மதிப்பெண் இடுவதும், அந்த மதிப்பெண் தகுமா தகாதா என்று நண்பர்களோடு மணிக்கணக்கில் வாதிடுவதும் தமிழ்நாட்டில் நேற்று முளைத்த பழக்கங்கள் அல்ல. ஆனந்த விகடன் நெடுங்காலம் தன் திரை விமர்சனங்களின் இறுதியில் 100க்கு இத்தனை என்று மதிப்பெண் அளித்து வந்தது. 60ஐத் தொடுவதே அரிது என்றிருந்த அந்த முறையில், 1977இல் வெளிவந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ பெற்ற 62.5 இன்றும் ரசிகர் பேச்சில் ஓர் அளவுகோலாக எடுத்துக்காட்டப்படுகிறது. அன்று இதழாசிரியர் குழு செய்த வேலையை இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் செய்கிறார். நட்சத்திரக் குறிகளாலும் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்ற எண்களாலும் அறுபது எழுபது ஆண்டுப் பழமையான படங்கள் நாள்தோறும் எடைபோடப்படுகின்றன. இது மகிழத்தக்க மாற்றமே. ஆயினும் ஒரு பழைய படத்தின் மதிப்பு அதன் கதையாலும் நடிப்பாலும் மட்டும் உருவாவதில்லை. அது எந்த வழியாக, எந்த வடிவத்தில், எத்தனை பேரிடம் வந்து சேர்ந்தது என்பதும் அந்த மதிப்பைப் பெருமளவு தீர்மானிக்கிறது. இந்த உண்மை விவாதங்களில் போதிய அளவு பேசப்படுவதில்லை.

இதைத் தெளிவாகக் காட்டும் சான்று பிரிட்டனில் இருக்கிறது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிடும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்னும் இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகத் திறனாய்வாளர்களிடம் தலைசிறந்த படங்களைக் கேட்டுப் பட்டியலிடுகிறது. முதல் பட்டியலில் முதலிடம் பெற்றது இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’. அப்போது அப்படத்துக்கு வயது நான்கே. 1962 முதல் 2002 வரை ஐந்து முறை ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ அசையாமல் அமர்ந்திருந்தது. 2012இல் அதை இறக்கிவிட்டு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ முதலிடத்துக்கு வந்தது. 1958இல் வெளியானபோது கலவையான வரவேற்பைப் பெற்ற வெர்டிகோ, 1962, 1972 ஆகிய இரு பட்டியல்களிலும் முதல் பத்துக்குள் இல்லை. 1982இல் ஏழாம் இடம், 1992இல் நான்காம் இடம், 2002இல் இரண்டாம் இடம் என்று படிப்படியாக ஏறி, 2012இல் 191 வாக்குகளுடன் உச்சியை அடைந்தது. படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை என்னும்போது, இந்த ஏற்றத்துக்கு வேறு காரணங்களைத்தான் தேட வேண்டும்.

வெர்டிகோ உட்படத் தம் ஐந்து படங்களின் உரிமையை ஹிட்ச்காக் தம்மிடமே வைத்துக்கொண்டதால், 1970களின் முற்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவை திரையரங்குகளிலிருந்து விலகியிருந்தன. அவ்வாறு கண்ணில் படாமலிருந்த காலத்திலேயே 1982இல் அது பட்டியலில் நுழைந்தது என்பது வியப்புக்குரியது. பிரெஞ்சுத் திறனாய்வாளர்களும் ஆங்கிலத்தில் ராபின் வுட் போன்றவர்களும் எழுதிய எழுத்துகள் அப்படத்தைப் பேச்சில் உயிரோடு வைத்திருந்தன. 1980இல் ஹிட்ச்காக் மறைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த ஐந்து படங்களும் மீண்டும் திரைக்கு வந்தன. 1996இல் வெர்டிகோவின் வெளிறிய வண்ணங்கள் மீட்டெடுக்கப்பட்டு, 70 எம்.எம். அளவில் புதுப்பிரதி வெளியிடப்பட்டது. அப்பணியில் காலடியோசை போன்ற சில ஒலிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டதைத் தூய்மைவாதிகள் கண்டித்தனர். எவ்வாறாயினும், பச்சையும் சிவப்பும் கதைமாந்தரின் மனநிலையைச் சொல்லும் ஒரு படத்தை வண்ணம் மங்கிய பிரதியில் பார்த்தவருக்கும் மீட்டெடுத்த பிரதியில் பார்த்தவருக்கும் கிடைத்தவை இரு வேறு அனுபவங்கள். இவற்றோடு, 2002இல் ஏறத்தாழ 145ஆக இருந்த திறனாய்வாளர் எண்ணிக்கை 2012இல் 846ஆக உயர்ந்ததும் முடிவை மாற்றியது. 2022இல் 1,600க்கும் மேற்பட்டோர் வாக்களித்தபோது, பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அகர்மன் 1975இல் எடுத்த ‘ஜான் டீல்மன்’ முந்தைய பட்டியலின் 36ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் முதலிடம் பெற்றது. ஒரு பெண்ணின் சமையலறை வேலைகளை மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பொறுமையுடன் காட்டும் அப்படம், வாக்களிப்போர் வட்டம் விரிந்திராவிட்டால் அந்த இடத்துக்கு வந்திருக்க வாய்ப்பில்லை.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யின் ஏற்ற இறக்கமும் இதே கதையைத்தான் சொல்கிறது. 1992இல், ராய் மறைந்த ஆண்டில், முதல் பத்துக்குள் இருந்த அப்படம் அடுத்தடுத்த பட்டியல்களில் கீழிறங்கியது. இடையில் 1993இல் லண்டன் படச்சுருள் கூடம் ஒன்றில் ஏற்பட்ட தீ, பதேர் பாஞ்சாலி உள்ளிட்ட அபு வரிசைப் படங்களின் மூலச்சுருள்களைக் கருக்கிவிட்டது. கருகியவற்றிலிருந்தும் பிற பிரதிகளிலிருந்தும் சட்டகம் சட்டகமாக மீட்கப்பட்டு 2015இல் அவை புதிதாய் வெளிவந்த பின், 2022 பட்டியலில் பதேர் பாஞ்சாலி 42இலிருந்து 35க்கு ஏறியது.

தமிழ்ப் படங்கள் தலைமுறை கடந்து வந்த பாதைகள் இவற்றினும் வேறானவை, இவற்றினும் சுவையானவை. தொலைக்காட்சி பரவுவதற்கு முன், நகரங்களில் ஓடி முடித்த படம் சிற்றூர்களின் டூரிங் கொட்டகைகளில் மணல் குவித்து அமர்ந்த மக்களிடம் மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தது. நகரத் திரையரங்குகளிலும் காலைக் காட்சிகளுக்குப் பழைய படங்களே வந்தன. ஆயினும் படத்தை நினைவில் நிறுத்தியதில் கண்ணைவிடக் காதுக்கே பங்கு அதிகம். 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கத் தொடங்கியபோது, அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலி நிரப்பியது. கொழும்பிலிருந்து வந்த தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டு வீடுகள் நேரம் பார்த்துக் கேட்டன. பாடல் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் படத்தின் பெயர் சொல்லப்பட்டது. பாடலோடு வசனமும் பயணம் செய்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) ஆகிய படங்களின் கதை வசனம் இசைத்தட்டாகவும் பின்னர் ஒலிநாடாவாகவும் வந்து, திருமண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் ஒலிபெருக்கியில் முழங்கியதால், அப்படங்களைத் திரையில் ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களும் வசனங்களை மனப்பாடமாய்ச் சொன்னார்கள்.

இப்பாதையில் பயணம் செய்யும் தகுதி எல்லாப் படங்களுக்கும் இருக்கவில்லை. பாட்டும் முழங்கும் வசனமும் உடைய படம் வானொலியில் வாழ்ந்தது. ஒளியாலும் மௌனத்தாலும் பேசிய படம் கொட்டகையை விட்டு நீங்கியதும் மறைந்தது. இவ்வகையில் பெரிதும் இழந்தது 1954இல் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து, வீணைக் கலைஞராகப் பின்னர் உலகறிந்த எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. பாடல் ஒன்றுகூட இல்லாத முதல் தமிழ்ப் படம் அது. நடனமும் சண்டையும்கூட இல்லை. படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது, கதாநாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார்; அதன்பின் அவர் பிறருடைய நினைவுகளில் மட்டுமே வருகிறார். இரண்டாம் உலகப் போரில், 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாளை ஒட்டி நிகழும் அக்கதையில், துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதையையும் எழுதியவர். பண்டிகைக் கூட்டத்துக்குரிய பாட்டையும் கூத்தையும் எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாற்றம் அடைந்தனர்; படம் வணிக அளவில் வெற்றி பெறவில்லை. அவ்வாண்டின் தேசிய விருதுகளில் தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் எம்.ஜி.ஆர். நடித்த ‘மலைக்கள்ள’னுக்குச் சென்றது; அந்த நாளுக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. மலைக்கள்ளன் பாடல்களால் அடுத்த தலைமுறையின் செவிகளை அடைந்தது. அந்த நாளுக்கு அப்படி ஒரு வழி இல்லை; தொலைக்காட்சியும், பின்னர் குறுந்தகடும் இணையமும் வந்த பிறகே அது உரிய பார்வையாளரைத் தேடிக்கொண்டது.

இன்று அப்படத்தைப் பற்றி நடக்கும் விவாதங்களில் முதலாவது, அது அகிரா குரோசவாவின் ‘ராஷோமோ’னைப் (1950) பின்பற்றியதா என்பது. ஒரே கொலையைப் பலர் வாயிலாகச் சொல்லும் உத்தி அங்கிருந்து கிளர்ந்ததே. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் பெரியதொரு வேறுபாட்டை உணர்வார்: ராஷோமோனில் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய சாட்சியங்கள் ஒன்றோடொன்று மோதி, உண்மை கடைசிவரை கைக்கு எட்டாமல் போகிறது; ‘அந்த நாள்’ படத்திலோ ஒவ்வொருவர் கூற்றும் இறந்தவனின் வாழ்க்கையில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து, முடிவில் கொலையாளி யாரென்பதை ஐயமின்றிக் காட்டிவிடுகிறது. இரண்டாவது விவாதம் இன்னும் ஆழமானது. ஏழைகளும் வாங்கக்கூடிய மலிவான வானொலிப் பெட்டியைச் செய்யத் துடித்த பொறியாளன், தன் நாட்டில் ஆதரவு கிடைக்காத கசப்பில் எதிரி நாட்டுக்கு உளவு சொல்பவனாகிறான். அவனைத் துரோகி என்று மட்டும் சொல்லி முடிப்பதா, அவனை அவ்வாறு ஆக்கிய புறக்கணிப்பையும் சேர்த்து எடைபோடுவதா என்ற கேள்வி, விடுதலை பெற்று ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த 1954இல் எழுப்புவதற்குக் கடினமானது. இக்கேள்வியை ஒரு முன்னணி நடிகரின் படத்தில் எழுப்பிய துணிவு ஒன்றே அப்படத்தைத் தமிழின் மிகச் சிறந்த படங்களின் வரிசையில் வைக்கப் போதுமானது.

தொலைக்காட்சி, வானொலி அடைத்துவைத்த கதவைத் திறந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்ட பின் ஞாயிறு மாலைப் படம் ஒரு குடும்ப வழக்கமாயிற்று. தேசிய ஒளிபரப்பின் ஞாயிறு பிற்பகல் காட்சியில் பிற மொழிகளின் விருதுப் படங்களும் வந்தன. 1993இல் சன் டிவி தொடங்கியபின் ஒரே படம் ஆண்டுக்குப் பல முறை வீட்டுக்குள் வந்தது. இந்த மறுபார்வையால் நிமிர்ந்த படங்களில் முதன்மையானது ‘அன்பே சிவம்’. கமல்ஹாசனின் கதை, திரைக்கதையில், மதன் வசனம் எழுத, சுந்தர் சி. இயக்கிய அப்படம் 2003 பொங்கலுக்கு வந்து, பண்டிகைக் களிப்பை நாடிய கூட்டத்தின் முன் தோற்றது. புவனேசுவரத்தில் மழை வெள்ளத்தால் சிக்கிக்கொண்ட இரு பயணிகள் சென்னைக்கு வந்து சேரும் கதைக்குள், தொழிற்சங்கமும் தெருநாடகமும் கடவுள் நம்பிக்கை பற்றிய வாதமும் அடங்கியிருந்தன. அவை ஒரே அமர்வில் உள்வாங்கக்கூடியவை அல்ல. கமல் ஏற்ற பாத்திரம் சுனாமி என்பதைப் பற்றிப் பேசும் இடம் 2003இல் எவர் கவனத்தையும் ஈர்க்கவில்லை. சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அதே பேச்சைக் கேட்டவர்கள் திடுக்கிட்டனர். படத்தைச் சுற்றியுள்ள உலகம் மாறும்போது படமும் வேறாகக் கேட்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு தமிழில் கிடைப்பது அரிது.

தொலைக்காட்சி ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் குறைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வந்தபின் அகலத்திரைப் படங்கள் படிப்படியாகப் பெருகின. சினிமாஸ்கோப் என்பது உயரத்தைப்போல் ஏறத்தாழ 2.35 மடங்கு அகலமுடைய படச்சட்டகம். பழைய தொலைக்காட்சித் திரையின் அகலமோ உயரத்தைப்போல் 1.33 மடங்கு மட்டுமே. அகலப்படத்தால் அத்திரையை மேலும் கீழும் நிரப்ப வேண்டுமானால் பக்கவாட்டில் 40 விழுக்காட்டுக்கும் மேல் வெட்டியாக வேண்டும். இரு முனைகளில் நிற்கும் இருவருக்கு நடுவே உள்ள இடைவெளியால் பிரிவை உணர்த்திய ஒளிப்பதிவாளரின் சட்டகத்தில், ஒருவர் மட்டுமே எஞ்சினார். இப்போது அதற்கு நேர்மாறான கேடும் நடக்கிறது: சதுரத்தை ஒட்டிய பழைய படங்களை இன்றைய அகலத்திரைக்கு ஏற்ப மேலும் கீழும் நறுக்குவதால், நடனமாடும் பாதங்களும் தலைக்கு மேலிருந்த வெளியும் காணாமற்போகின்றன. விளம்பர இடைவெளிக்காக நீக்கப்பட்ட காட்சிகள் தனிக் கணக்கு. “ஒளிப்பதிவு சுமார்” என்று இரண்டு நட்சத்திரம் இடும் இளைஞர், பெரும்பாலும் அந்த ஒளிப்பதிவாளரின் வேலையைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆதலால் எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்வதே மதிப்பிடுவோர் கடைப்பிடிக்கக்கூடிய முதல் நேர்மை.

மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காணும் முறையிலும் பழைய படங்களுக்குப் பாதகமான ஓர் அமைப்பு இருக்கிறது. பெரிய தரவரிசைகள் எளிய சராசரியைப் பயன்படுத்துவதில்லை. பத்துப் பேர் சேர்ந்து பத்துக்குப் பத்து இட்டால் ஒரு படம் உச்சிக்குப் போய்விடும் என்பதால், எடையிட்ட சராசரி என்னும் முறையைக் கையாளுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் உண்மையான வாக்குகளோடு, எல்லாப் படங்களின் பொதுச் சராசரியையே மதிப்பாகக் கொண்ட குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கற்பனை வாக்குகளையும் கலந்து கணக்கிடுவதே அம்முறை. பொதுச் சராசரி 7 என்றும், கலக்கப்படும் கற்பனை வாக்குகள் 1,000 என்றும் வைத்துக்கொண்டால், 100 பேர் மட்டும் பார்த்து 9.5 அளித்த பழைய படத்தின் இறுதி மதிப்பு 7.2 அளவில் நின்றுவிடும். 20,000 பேர் பார்த்து 8.5 அளித்த புதிய படமோ 8.4ஐப் பெற்றுவிடும். கள்ள வாக்கைத் தடுக்க இம்முறை தேவையானதே. ஆனால் நல்ல பிரதி கிடைக்காததால் சிலரே பார்த்த படம், அதைப் பார்த்த அனைவரும் கொண்டாடினாலும் நடுவிலேயே தேங்கி நிற்கும்; பட்டியலைப் பார்த்துப் படம் தேர்ந்தெடுக்கும் அடுத்த ரசிகர் அதைத் தவிர்த்துவிடுவதால் அதன் வாக்குகள் கூடவும் வழியில்லை.

“அந்தக் காலத்துப் படம் போல வருமா” என்று பெரியவர்கள் சொல்லும் தீர்ப்பிலும் இத்தகைய வடிகட்டல் மறைந்திருக்கிறது. 1950களிலும் 60களிலும் வந்த சாதாரணப் படங்களை எவரும் மறுபடி பார்ப்பதில்லை. காலம் கழித்துக்கட்டியது போக மிஞ்சிய சிறந்தவற்றை, இவ்வாண்டு வெளியான அனைத்தோடும் ஒப்பிடுவது சமமான ஒப்பீடு ஆகாது. காலம் கழித்துக்கட்டியவற்றில் நல்ல படங்களும் இருந்திருக்கலாம் என்பதுதான் வேதனை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களில் பதிவான தொடக்ககாலப் படங்கள் எரிந்தும் மட்கியும் அழிந்தன. வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் சுருள்கள் விற்கப்பட்டன. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதா’ஸின் பிரதி எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை, டி.பி. ராஜலட்சுமி அதில் எவ்வாறு நடித்தார் என்பதைச் செய்தித்தாள் குறிப்புகளைக் கொண்டு ஊகிக்கத்தான் முடியும்.

பிரதியும் வழியும் ஒழுங்காக அமைந்த பின்னும் தீராத ஒரு வழக்கு எஞ்சுகிறது; அது காலத்தின் ஒழுக்கப் பார்வை மாறுவதால் எழுவது. பி. மாதவன் இயக்கிய ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) மக்களின் பேராதரவோடு, தமிழுக்கான தேசிய விருதையும் பெற்றது. மேனாட்டு நாகரிகத்தில் வளர்ந்த மனைவியைக் கிராமத்துக் கணவன் அடக்கி வழிக்குக் கொண்டுவரும் அக்கதை அன்று அரங்குகளில் கைதட்டலைப் பெற்றது. ‘என்னடி ராக்கம்மா’ பாடல் திருவிழாக்கள்தோறும் ஒலித்து, படத்தின் பெயரை மங்காமல் காத்தது. இன்று அதைப் பார்க்கும் இளம்பெண்கள் கைதட்ட வேண்டிய இடங்களில் முகம் சுளிக்கிறார்கள். அக்காலத்தை அக்காலத்தின் அளவையால் அளக்க வேண்டும் என்பது மூத்தவர்களின் வாதம். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அதே பத்தாண்டு வேறு குரலிலும் பேசியது என்பதை மறந்தால்தான் அது முழு நியாயமாகும்.

சென்னைத் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த ருத்ரய்யா 1978இல் இயக்கிய ‘அவள் அப்படித்தான்’ அந்த வேறு குரல். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அப்படத்தில், விளம்பர நிறுவனத்தில் பணிபுரியும் மஞ்சுவாக ஸ்ரீபிரியாவும், பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருணாகக் கமல்ஹாசனும், நெற்றியில் திருநீற்றுப் பட்டையோடு மது அருந்தியபடி பெண்களை இழித்துப் பேசும் முதலாளி தியாகுவாக ரஜினிகாந்தும் நடித்தனர். வெளியான நேரத்தில் பெரிய வணிக வெற்றி காணாத அப்படம் பின்னர் தலைமுறைதோறும் உயர்ந்து, தமிழின் தலைசிறந்த படங்களைப் பற்றிய எந்த விவாதத்திலும் தவிர்க்க முடியாததாகிவிட்டது. அதன் இயக்குநர் மேலும் ஒரே ஒரு படத்தை மட்டும் இயக்கிவிட்டு 2014இல் மறைந்தார். முன்பெல்லாம் தியாகுவின் ஆணவமே பேசப்பட்டது. இன்றைய ரசிகர்களின் வழக்கு அருணைச் சுற்றி நடக்கிறது. பெண் விடுதலை பற்றிக் கேள்வி கேட்டுத் திரிந்தவன், மஞ்சுவைப் புரிந்துகொண்டவன் என்று நம்பவைத்தவன், கடைசியில் அந்தக் கேள்விகளே எழாத ஒரு பெண்ணை மணந்துகொண்டு வருகிறான். ஓடும் காரில், பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று புதுமணப்பெண்ணிடம் மஞ்சு கேட்க, தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் எளிமையாய்ச் சொல்கிறாள். மஞ்சுவின் தயக்கத்தால் சலித்துப்போனவன் என்று அருணுக்காக வாதாடுவோரும் உண்டு. முகத்துக்கு நேரே இழித்துப் பேசும் தியாகுவைவிட, இனிமையாகப் பேசிவிட்டு விலகிக்கொள்ளும் அருணே மஞ்சுவை அதிகம் காயப்படுத்தியவன் என்போரும் உண்டு. படத்தின் கடைசிக் காட்சி இரண்டாம் தரப்புக்கே வலுச் சேர்க்கிறது. காரிலிருந்து நடுத்தெருவில் இறங்குகிறவள் மஞ்சு, காருக்குள் வசதியாய் அமர்ந்து போகிறவன் அருண்.